ஊமல்கொட்டை வண்டுக்கு ஏன் பரிசில்லை?

பாடசாலைக் கண்காட்சிக் காலம் வந்தால் திருகோணமலை நகரத்துப் புத்தகக்கடைகளில் முதலில் முடியிற சாமான் றெஜிபோம் சீற். அடுத்தது கிளிட்டர். அதுக்கடுத்தது அந்த ஒட்டுக் கண். நீங்களும் பார்த்திருப்பீங்க, வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டத்துக்குள்ள கறுப்புப் பொட்டு ஒண்டு உருளும். வண்ணத்துப்பூச்சிக்கும் அதே கண், தேனீக்கும் அதே கண், நுளம்புக்கும் அதே கண். எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி முழிசிக்கொண்டு மேசையில் நிற்கும். மேசைக்கு மேல பெரிய எழுத்தில் "இயற்கைப் பொருட்களால் ஆன ஆக்கங்கள்" என்று பதாகை தொங்கும். பதாகை பொலித்தீன்.

நான் சொல்ல வாறது இதுதான். பிள்ளைகள் தங்கட கையால் பூச்சி செய்யிற வேலையை நாங்கள் அவையளிடம் இருந்து பறிச்சிட்டம். பறிச்சு, பெற்றோரிடமும் கடைக்காரரிடமும் யூரியூபிடமும் குடுத்திட்டு, பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குக் கைவேலை தெரியாது" என்று நாங்களே பேஸ்புக்கில் ஒப்பாரி வைக்கிறம். இதைச் சின்ன விசயம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்க.

போன வருசம் என்ட தங்கச்சியின் வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் இரவு எட்டு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. நாளை மறுநாள் இயற்கைப் பொருட்களால் பூச்சி ஒன்று செய்து கொண்டுவர வேண்டும். அவளிடம் அம்மம்மா வீட்டில் இருந்து பொறுக்கி வந்த ஊமல்கொட்டை ஒண்டு இருந்தது. தெரியாதவர்களுக்கு: பனங்கொட்டையைப் புதைச்சு, கிழங்கைக் கிண்டி எடுத்தபிறகு மிஞ்சுற காய்ஞ்ச கோதுதான் ஊமல். அதைக் கவிட்டு வைச்சால் வண்டின் முதுகு. தென்னை ஈர்க்கில் ஆறு கால், பன்னாடையில் கத்தரிச்ச இரண்டு செட்டை, குன்றிமணி கண். (குன்றிமணி முழுசாய் இருக்கும்வரை பிரச்சினையில்லை, உடைஞ்சால் உள்ள இருக்கிறது கடும் நஞ்சு. வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகளிடம் குடுக்க வேண்டாம், ஊசியால் துளைக்கவும் வேண்டாம். ஒட்டினால் போதும்.) கால்களை எங்கே குத்துறது என்று தெரியாமல் அவள் டோர்ச் லைற்றையும் எடுத்துக்கொண்டு முத்தத்துக்குப் போய், லைற்றுக்கு வந்து விழுந்த வண்டு ஒண்டைப் பிரட்டிப் பார்த்தாள். கால் எல்லாம் நெஞ்சில் இருந்துதான் புறப்படுது, வயித்தில் ஒண்டும் இல்லை. வந்து அப்பிடியே குத்தினாள்.

பரிசு கிடைத்தது ஒரு றெஜிபோம் வண்ணத்துப்பூச்சிக்கு. அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. செட்டை இரண்டும் வயிற்றில் ஒட்டியிருந்தது. அதில் உலர்ந்த இலை நாலைந்து பதிச்சிருந்ததால் அது "இயற்கைப் பொருள்" ஆகிவிட்டது. குளூ கன் பிடித்தது ஒன்பது வயசுக் கை இல்லை என்று மண்டபத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். பரிசை வாங்கின பிள்ளைக்கும் தெரியும், அதுதான் எனக்குக் கவலை. தங்கச்சியின் தீர்ப்புத் தாளில் "துப்புரவு போதாது" என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லி என்ன, உங்கட பள்ளிக்கூடத்தின் பேரைப் போட்டு வாசிச்சாலும் கதை மாறாது.

அந்தத் தாளில் இருந்த நிரல்களைப் பாருங்க: துப்புரவு, அலங்காரம், நிறச்சேர்க்கை, முன்வைப்பு. பூச்சியைப் பற்றி ஒரு நிரலும் இல்லை. பிள்ளை எதையாவது பார்த்ததா என்று கேட்கிறதுக்கு இடமே இல்லை. பார்க்கிறதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி.

ஒரு உதாரணம் சொல்லுறன். பூச்சிக்கு ஆறு கால் என்று புத்தகத்தில் இருக்கு, சரி. ஆனால் வெறும் வளவுகளில் எருக்கலைப் பற்றைக்குப் பக்கத்தில் பறக்கிற அந்தச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைக் கிட்டப் போய்ப் பாருங்க, கறுப்பு விளிம்பில் வெள்ளைப் பொட்டு இருக்கும். அதன் புழு எருக்கலை இலையைத் தின்னும். அது பூவில் இருக்கும்போது நாலு கால்தான் தெரியும். முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு ஒடுங்கிக் கிடக்கும், நடக்க உதவாது. அந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் இப்பிடித்தான். இப்ப ஒரு பிள்ளை உண்மையிலேயே போய்ப் பார்த்திட்டு வந்து நாலு கால் வைச்சால் என்ன நடக்கும்? சிவப்புப் பேனை வரும். பார்க்காமலே ஆறு வைத்த பிள்ளைக்குச் சரி விழும். கவனிச்சதுக்குத் தண்டனை குடுக்கிற இடத்தில் கலையும் வளராது, விஞ்ஞானமும் வளராது.

சட்டத்தையும் ஒருக்காப் பார்ப்பம். 2017 செப்ரெம்பர் 1இல் இருந்து இந்த நாட்டில் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி உற்பத்தி தடை. அதே வர்த்தமானித் தொகுதியில் சமய, சமூக, கலாசார நிகழ்வுகளில் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிக்கிறதும் தடை. பக்கத்துக் கடைக்காரன் றெஜிபோமில் சோறு கட்டினால் குற்றம், அதே சாமானில் பிள்ளை செய்த தும்பிக்குக் கேடயம்! சட்டம் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் சொல்லுது, சீற்றைச் சொல்லேல்லை என்று வாதாடலாம். சட்டத்தரணிக்கு அது சரி, சுற்றாடல் பாடம் படிப்பிக்கிற ரீச்சருக்குச் சரியா?

இனி என்ட பெரிய சண்டைக்கு வாறன். அது ரீச்சர்மாரோட இல்லை. தரம் 5 புலமைப்பரிசிலுக்கும் பெற்றோரின் நெருக்கலுக்கும் வலயத்தில் இருந்து வாற சுற்றறிக்கைக்கும் நடுவில் அவையள் மூச்சு விடுறதே பெரிய விசயம். 90களின் கடைசியில் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றாய்ப் பிரிச்சு, சின்ன வகுப்புகளில் விளையாட்டுக்கு முதலிடம் குடுத்தது. நல்ல யோசனை. தரம் மூன்றிலேயே சனி ஞாயிறு ரியூசன் தொடங்கினால் அந்த விளையாட்டை எந்தக் கிழமையில் வைக்கிறது?

என்ட சண்டை பழசைப் பாடுற ஆக்களோட. "நாங்கள் சின்னனில் குரும்பட்டித் தேர் கட்டினம், நுங்கு வண்டில் உருட்டினம், பூவரசம் இலையில் பீப்பீ ஊதினம், தென்னோலையில் வெட்டுக்கிளி பின்னினம். இப்பத்தைய பிள்ளையள் போனுக்குள்ள கிடக்குதுகள்." இந்தப் பதிவைப் போடுற மாமாமாருக்கு இரண்டு கேள்வி.

முதலாவது, தும்பியின் வாலில் நூல் கட்டி, சின்னக் கல்லைத் தூக்கவைச்சுப் பார்த்தது யார்? பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள்ள அடைச்சு அது முட்டை போடுதா என்று நாள் கணக்காய்ப் பார்த்தது யார்? அந்தக் காலம் பூச்சிகளுக்கு அவ்வளவு பொற்காலம் இல்லை. ஓலையில் தும்பி செய்யிற பிள்ளை, உயிருள்ள தும்பியைப் பிடிக்கிற பிள்ளையை விட ஒரு படி மேல நிற்குது. பழசில் எடுக்கவேண்டியது ஓலை, நூல் இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த விளையாட்டை அழிச்சது போன் என்று யார் சொன்னது? என்ட அம்மம்மாவின் ஊர் சம்பூர். 2006இல் குண்டு விழுந்து ஊரே வெளிக்கிட்டது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம், அனல்மின் நிலையத் திட்டம் என்று காணி கையை விட்டுப் போய், 2015க்குப் பிறகுதான் கட்டங்கட்டமாய்த் திரும்பிப் போக முடிஞ்சது. இடையில் பல குடும்பங்கள் கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் தகரக் கூரைக்குக் கீழ. ஒன்பது வருசம் என்பது ஒரு பிள்ளையின் முழுப் பிள்ளைப்பருவம். அந்தப் பிள்ளைக்கு எந்தப் பனை? எந்தத் தென்னை? யாரின் வளவில் போய் ஓலை முறிக்கிறது? வடக்குக் கிழக்கில் பனைகள் குத்தியாய் அறுபட்டு பங்கருக்கு மேல போன கதை எல்லாருக்கும் தெரியும். இயற்கைப் பொருள் என்றால் அது ஏதோ இலவசமாய்க் காற்றில் பறக்கிற சாமான் இல்லை. அதுக்குக் காணி வேணும், வேலி தாண்டிப் போக விடுற அயல் வேணும், ஓலையை எப்பிடி மடிக்கிறது என்று காட்டுற ஒரு கிழவி உயிரோட வேணும். துறைமுகக் கரையிலேயே எத்தனை துண்டு எங்கட பிள்ளைகள் காலடி வைக்க முடியாத கடற்படைப் பகுதி என்று எண்ணிப் பாருங்க. இதையெல்லாம் விட்டிட்டு ஒன்பது வயசுப் பிள்ளையின் கையில் இருக்கிற போனில் பழியைப் போடுறது லேசு.

எங்கட மாகாணத்திலேயே இதை வேற மாதிரி யோசிச்ச ஒரு இடம் இருந்தது. 1996இல் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஊர்களில் இருந்து ஒன்றாய் வருவார்கள். களிமண், நிறம், கதை, நாடகம், தோட்டம், வளர்ப்பு மிருகங்கள். உனக்கு என்ன நடந்தது என்று பிள்ளையை இருத்தி வைச்சு விசாரிக்கிறது இல்லை, கைக்கு வேலை குடுத்தார்கள். வந்தாறுமூலையில் படிக்கிற எனக்கு அந்தப் பூங்காவைப் பற்றி ஒரு விரிவுரையிலும் சொல்லித்தரேல்லை. வெளிநாட்டுக் கட்டுரைகள் வாசிச்சுத்தான் தெரிஞ்சுகொண்டன். பக்கத்தில் நடந்ததை இங்கிலீசில் வாசிச்சு அறியிற கலைப்பீடம் எங்கடது. சரி, அது வேற சண்டை.

நான் அந்தப் பூங்காவைக் கோயிலாக்க வரேல்லை. வெளிநாட்டுக் காசில் நடக்கிற எந்த வேலைக்கும் உள்ள கேள்விகள் அதுக்கும் உண்டு. ஆனால் ஒரு விசயத்தில் அவர்கள் எங்கட கண்காட்சி மேசைகளை விடப் புத்திசாலிகள். பிள்ளை செய்யிற பொருள் யாருக்கு என்ற கேள்வியில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை, பிள்ளைக்குத்தான். எங்கட மேசையில் இருக்கிற பொருள் பிரதம விருந்தினருக்கு.

தென்னோலை வெட்டுக்கிளியை யோசிங்க. பச்சை ஓலை ஒண்டை எடுத்து, நடு ஈர்க்கை முதுகெலும்பாய் விட்டு, இரண்டு பக்கமும் கிழிச்சு, மாறி மாறி மடிச்சுப் பின்ன வேணும். நுனி ஈர்க்கைப் பிளந்தால் மீசை. பழகின கைக்கு ஐந்து நிமிசம், பழகாத கைக்கு ஒரு பின்னேரம், இடையில் ஏழெட்டு ஓலை நாசம். செய்து முடிக்கேக்க பச்சை, இரண்டு மூன்று நாளில் வெளிறி வைக்கோல் நிறமாகும், பிறகு சுருண்டிடும். கண்காட்சிக்கு இது சரிவராது, ஏனென்றால் திங்கட்கிழமை செய்தது வெள்ளிக்கிழமை விருந்தினர் வரேக்க செத்துப்போகும். ஆனால் உண்மையான வெட்டுக்கிளியும் புல்லில் இருக்கேக்க பச்சை, காய்ஞ்ச புல்லில் பழுப்பு நிறத்து வெட்டுக்கிளிகள். நிறம் மாறுறதைப் பிள்ளை தன்ட மேசையிலேயே பார்க்குது. இதைத் துப்புரவு நிரலில் எப்பிடி அளப்பீங்க?

பூச்சிகளே இந்த வேலையைத்தான் செய்யுதுகள் என்பது இன்னொரு பக்கம். மாமரத்தில் ஏறி முசுறு கடிச்சவர்களுக்குத் தெரியும், அதன் கூடு இலைகளை இழுத்து ஒட்டிச் செய்த பந்து. பெரிய எறும்புகள் இலை விளிம்பைப் பல்லால் இழுத்துப் பிடிக்க, வேற எறும்புகள் தங்கட புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வந்து, புழு விடுற பட்டுநூலால் தைக்கும். குஞ்சையே குளூ கன்னாய்ப் பாவிக்கிற ஆக்கள் எங்கட மாமரத்தில் இருக்கினம்! செடிகளில் சுள்ளிக்கட்டு மாதிரி ஒண்டு தொங்கும், உள்ள ஒரு புழு இருக்கும், குச்சியையும் இலைத்துண்டையும் பட்டால் கட்டி வீட்டைத் தூக்கிக்கொண்டே திரியும். சுவரில் குளவி மண் கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று கிழவிகள் சொல்லுவாங்க. பிள்ளை பிறக்குதோ இல்லையோ, அந்தக் கூட்டை உடைக்காமல் விடுறதுக்கு அது நல்ல காரணம். ஒரு பிள்ளைக்கு இந்த மூன்றையும் காட்டிவிட்டு, "நீ இப்ப ஒரு பூச்சி செய்" என்றால் வாறது வேற. யூரியூப் வீடியோவைக் காட்டி "இதே மாதிரிச் செய்" என்றால் வாறது வேற.

எதிர்ப்பக்கத்தில் இருந்து வாற ஒரு கேள்விக்கு மட்டும் நான் மரியாதை குடுப்பன். டெங்கு. சிரட்டையும் குரும்பட்டியும் வளவில் கிடந்தால் தண்ணி நிற்கும், நுளம்பு பெருகும், பீ.எச்.ஐ. வந்து எழுதிட்டுப் போவார். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு எப்பிடி அடிச்சது என்று மறக்கேலாது. உயிர்கள் போச்சு, பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தது. அதுக்குப் பிறகு "குப்பை பொறுக்காத" என்று தாய்மார் சத்தம் போட்டால் அதில் நியாயம் இருக்கு. ஆனால் அந்தப் பயத்தில் இருந்து நாங்கள் பிள்ளைகளுக்குக் குடுத்தது ஒரேயொரு பூச்சிப்படம்: பெரிய கொடுக்கோட நுளம்பு, குறுக்கே சிவப்புக் கோடு. சிரட்டையைக் கவிட்டு வைக்கச் சொல்லலாம், ஓட்டை போடச் சொல்லலாம். அதைக் கவிட்டு ஆமையோ வண்டோ செய்கிற பிள்ளை, அதில் தண்ணி நிற்க விடாத பிள்ளையும்தான். நுளம்பையே செய்யச் சொல்லுங்க. ஈர்க்குக் கால், பன்னாடைச் செட்டை, டெங்கு நுளம்பின் காலில் இருக்கிற வெள்ளைப் பட்டிக்குச் சுண்ணாம்பு. அதைச் செய்த பிள்ளை பட்டிக்கால் நுளம்பை வீட்டில் கண்டால் உடன அடையாளம் காணும். துண்டுப்பிரசுரம் அடிச்சுக் குடுக்கிறதை விட இது மலிவு.

அடுத்தது "இயற்கை" என்ற சொல்லுக்கே ஒரு சண்டை போட வேணும். அதையும் ஒரு பாஷனாக்கிற ஆக்கள் வந்திட்டாங்க. கரையோர விடுதிகளில் "நேச்சர் ஆர்ட்" என்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஓலை பின்னக் காட்டுறது நல்ல விசயம்தான், காட்டுற அண்ணைக்கு நாலு காசு. ஆனால் மேசை நிரப்பச் சிப்பியும் முருகைக்கல்லும் அள்ளிக்கொண்டு வாறது கலை இல்லை. புறாமலை 2003இல் இருந்து தேசியப் பூங்கா, அங்க இருந்து ஒரு முருகைத் துண்டைக் கூட எடுக்கேலாது. கடற்கரையில் ஒதுங்கின கண்டல் காய் இருக்கு, நீட்டாய், தும்பியின் உடம்பு மாதிரியே. விழுந்ததை எடு, உயிரோட நிற்கிறதை விடு என்று சொல்லிக்குடுத்தால் போதும். மற்றப்பக்கம், சுத்த இயற்கை வேணும் என்று சோடாமூடியில் கண் வைத்த பிள்ளையின் பூச்சியை ஒதுக்கிறதும் எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளையின் தெருவில் கிடக்கிறது சோடாமூடி என்றால் அதுதான் அந்தப் பிள்ளையின் இயற்கை. றெஜிபோமில் எனக்குள்ள கோபம் அது செயற்கை என்பதால் மட்டும் இல்லை, காசு குடுத்து வாங்க வேணும் என்பதால். 2022இல் சாமான் விலை ஏறி, மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே பிற்போட்ட நாட்டில், நாட்கூலி வேலைக்குப் போற அப்பாவின் பிள்ளையிடம் கிளிட்டர் கேட்கிறது என்ன நியாயம்? கண்காட்சி மேசையில் யாரின் வீட்டில் காசு இருக்கு என்று வரிசைப்படுத்தி வைச்சிருக்கிறம், அவ்வளவுதான்.

சொற்களும் போகுது. இந்தக் கட்டுரையை எழுதேக்க என்ட பாட்ச் நண்பர்கள் ஆறு பேரிடம் பன்னாடை என்றால் என்ன என்று கேட்டன். நாலு பேருக்கு அது ஒரு பேச்சு மட்டும்தான், யாரையோ திட்டுற சொல். தென்னை மரத்தில் மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கிற துணி என்று சொன்னதும் சிரிச்சாங்க. மயிர்க்கொட்டி, கும்பிடுபூச்சி, தம்பளப்பூச்சி எல்லாம் இதே பாதையில்தான் போகுது. பாடப்புத்தகத்தில் சொல்லை அச்சடிச்சுக் காப்பாற்றலாம் என்று தமிழ்த்தின மேடைகளில் பேசுறவர்கள் நம்பினம். தங்கச்சிக்குப் பன்னாடை என்ற சொல் தெரியும், ஏனென்றால் அதை அவள் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். வெட்டேக்க நார் பிரிஞ்சு இரண்டு தரம் பழுதாய்ப் போயிருக்கு.

ஆகவே கேட்கிறது கொஞ்சம்தான். இந்தமுறை கண்காட்சி வைக்கிற பாடசாலைகள் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பாமல், பாடசாலை நேரத்துக்குள்ளேயே, மரத்துக்குக் கீழ இரண்டு பாடவேளை ஒதுக்குங்க. பெற்றோர் கேற்றுக்கு வெளியில். ஒரு சாக்கு ஓலை, ஒரு சாக்கு ஊமல், வேப்பங்கொட்டை, புளியங்கொட்டை, ஈர்க்குக் கட்டு ஒண்டு. ஓலை பின்னத் தெரிஞ்ச அம்மம்மா ஒருவரைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்துங்க, அவவுக்கு வளவாளர் கொடுப்பனவும் குடுங்க. சும்மா பொன்னாடை போர்த்தி அனுப்ப வேண்டாம். தீர்ப்புத் தாளில் துப்புரவு நிரலை வெட்டிட்டு, அந்த இடத்தில் "இதை எங்க பார்த்தாய்?" என்று போடுங்க. நடுவர் அதைப் பிள்ளையிடம் வாயால் கேட்க வேணும். றெஜிபோம் பூச்சியோட நிற்கிற பிள்ளைக்கும் அதே கேள்விதான்.